இசைத்தட்டு நிறுவனத்தின் வீடியோ பிரிவு: அதன் நிறுவன வரலாற்றைத் தேடி எழுதும் முறை

ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் ஹோம் வீடியோ பிரிவைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையில்தான் தொடங்குகிறார்கள். தாய் நிறுவனம் எந்த ஆண்டில் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதைத் திரட்டி வைத்துக்கொண்டு, வீடியோ பிரிவும் அதே நாளில் அதே கைக்குப் போயிருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் பாடல் பதிவுகள் ஒருவரிடமும், கேசட்டாக வெளிவந்த திரைப்படங்கள் வேறொருவரிடமும், உறையில் அச்சான பெயர் மூன்றாமவரிடமும் போய்ச் சேர்வதுதான் இந்தத் துறையின் வழக்கம். எல்லாம் ஒரே வீட்டுக்குப் போனது அபூர்வம்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, வேலையின் முதல் நாளிலேயே ஒரு பேரேட்டை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போட்டுக்கொள்வது. முதல் பத்தி பெயருக்கு: உறையிலும் விளம்பரத்திலும் வந்த வணிகப் பெயர், முத்திரைச் சின்னம். இரண்டாவது பத்தி சட்டப்படியான நிறுவனத்துக்கு: பதிவெண்ணும் இயக்குநர்களும் கணக்கறிக்கையும் உள்ள உரு. மூன்றாவது பத்தி உரிமைக்கு: அந்தக் கேசட்டில் இருந்த படத்தையோ இசை நிகழ்ச்சியையோ வெளியிடும் உரிமை யாரிடம், எந்த நாட்டுக்கு, எதுவரை இருந்தது என்பது. ஒவ்வொரு தகவலும் கிடைத்தவுடன் அது எந்தப் பத்திக்குரியது என்று முடிவு செய்த பிறகே எழுத வேண்டும். ‘1991-ல் மாறியது’ என்று பொத்தாம்பொதுவாகக் குறித்து வைத்தால், ஆறு மாதம் கழித்து மாறியது பெயரா, முதலாளியா, உரிமையா என்பது எழுதியவருக்கே விளங்காது.

பிரிவு யார் வயிற்றில் பிறந்தது

வீட்டு வீடியோ வடிவங்களில் சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-லும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-லும், லேசர் டிஸ்க் 1978-ன் இறுதியிலும் சந்தைக்கு வந்தன. அப்போது இசைத்தட்டு நிறுவனங்களிடம் உறை அச்சிடும் ஏற்பாடு, கிடங்கு, கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனையாளர்கள் என எல்லாமே தயாராக இருந்தன. ஆகவே அவை வீடியோவுக்குள் நுழைந்ததில் வியப்பில்லை. வி.எச்.எஸ். முறையை உருவாக்கிய ஜே.வி.சி.யே 1927-ல் அமெரிக்க விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜப்பானியக் கிளையாகத் தொடங்கியதுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இரு தொழில்களுக்கும் இடையிலான உறவு எவ்வளவு பழையது என்பது தெரியும்.

இருந்தாலும் எல்லா வீடியோ பிரிவுகளும் பாட்டுக்காரர்களின் அலுவலகத்திலிருந்து முளைத்தவை அல்ல. அமெரிக்க நிறுவனமான ஆர்.சி.ஏ.யில் வீடியோ மின்னணுக் கருவித் தொழிலிலிருந்து வந்தது. 1981 மார்ச்சில் அறிமுகமான செலக்டாவிஷன் வீடியோ தட்டுக்குப் படங்கள் தேவைப்பட்டன; அதற்கான ஒப்பந்தங்களைப் போட்டது தாய் நிறுவனத்தின் வீடியோ ஆட்களே, ஆர்.சி.ஏ. ரெக்கார்ட்ஸ் அல்ல. ஓட்டும் கருவியின் உற்பத்தி 1984 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ.யில் நிலைமை வேறு. 1969-லேயே அது அசோசியேட்டட் பிரிட்டிஷ் பிக்சர் கார்ப்பரேஷன் என்ற திரைப்பட நிறுவனத்தைக் கையகப்படுத்தியிருந்ததால், கேசட்டாகப் போட்டு விற்கத் திரைப்படங்கள் குழுமத்துக்குள்ளேயே குவிந்து கிடந்தன. தொலைக்காட்சிக்காக எடுத்த பாடல் படங்களைத் தொகுத்து விற்கும் வேலையை இ.எம்.ஐ. பிக்சர் மியூசிக் இன்டர்நேஷனல் என்ற தனிப் பிரிவிடம் விட்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கி 1978-ல் வெளியீட்டு நிறுவனமான ரைனோ போன்றவற்றிலோ, இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் பொறுப்பாளர்களே ஒன்றுதான்.

பிறப்பிடத்தை முதலில் கண்டுபிடிக்கச் சொல்வதற்குக் காரணம், தாள்கள் எங்கே கிடக்கின்றன என்பதை அதுதான் முடிவு செய்கிறது என்பதே. கருவித் தொழிலிலிருந்து வந்த பிரிவின் செய்திகள் மின்னணு வணிக இதழ்களில் இருக்கும். திரைப்படத்திலிருந்து வந்ததன் செய்திகள் சினிமா வணிக இதழ்களில் இருக்கும். இசைப் பக்கத்திலிருந்து வந்ததை இசை வார இதழ்களில் தேட வேண்டும். மூன்றையும் ஒன்றாகத் தேடத் தொடங்கினால் நாள்கள்தான் வீணாகும்.

கையில் உள்ள கேசட்டைப் படிப்பது

ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன்பு, அந்தப் பிரிவு வெளியிட்ட கேசட்டுகளில் சிலவற்றையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நேரில் கிடைக்காவிட்டால், உறையின் எல்லாப் பக்கங்களும் தெளிவாகத் தெரியும் படங்களாவது வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: உறையின் முதுகு, பின்பக்கத்தின் அடியில் உள்ள பொடி எழுத்து, கேசட்டின் மேல் ஒட்டிய தாள், நாடாவை ஓட்டினால் முதலில் வரும் சின்னம். நான்கும் ஒரே கதையைச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிறுவனத்தின் பெயர் மாறிய பிறகு உறையை மட்டும் புதிதாக அச்சிட்டு, பழைய மூலப் பிரதியிலிருந்தே நாடாவைப் பதிவு செய்து விற்பது அந்நாளில் சர்வ சாதாரணம்; ஆகவே உறையில் ஒரு பெயரும் திரையில் அதற்கு முந்தைய பெயரும் இருக்கும். இதைப் பிழை என்று ஒதுக்காமல் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிய காலத்தை ஓரிரு ஆண்டுக்குள் குறுக்கிக் காட்டும் சான்று அதுவே.

பின்பக்கப் பொடி எழுத்துதான் தங்கச் சுரங்கம். அங்கே வட்டத்துக்குள் ‘சி’ போட்ட வரி படத்தின் பதிப்புரிமையாளரைச் சொல்லும். இசை வெளியீடுகளில் வட்டத்துக்குள் ‘பி’ போட்ட இன்னொரு வரி ஒலிப்பதிவின் உரிமையாளரைச் சொல்லும். இந்த இரண்டும் வெவ்வேறு பெயர்களைக் காட்டினால், படம் ஒருவருடையது, பாட்டு வேறொருவருடையது என்று பொருள். பின்னாளில் மறுவெளியீடு வராமல் போனதற்கான காரணம் பல நேரங்களில் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அடுத்து, ‘வெளியிடுபவர்’, ‘விநியோகிப்பவர்’, ‘உரிமத்தின் கீழ்’ என்ற மூன்று சொற்களையும் பிரித்துப் படிக்க வேண்டும். விநியோகிப்பவர் வெறும் வண்டிக்காரர். அவர் பெயர் பெரிய எழுத்தில் இருப்பதாலேயே அவரை உரிமையாளர் என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம்.

பட்டியல் எண்ணையும் விட்டுவிடக் கூடாது. ஐரோப்பிய இசைக் குழுமமான பாலிகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணின் கடைசி இலக்கம் அந்தப் பொருள் என்ன வடிவம் என்பதைச் சொல்லும்: இசைத்தட்டுக்கு 1, குறுந்தட்டுக்கு 2, ஒலிநாடாவுக்கு 4, வி.எச்.எஸ். கேசட்டுக்கு 3. ஒரு கச்சேரி கேசட்டின் முதுகில் நீண்ட எண்ணும், ஒரு சிறு கோடும், அதன் பின் 3-ம் இருப்பதைப் பார்த்தவுடன், அந்த வீடியோ பிரிவு குழுமத்தின் இசைத்தட்டுகளோடு ஒரே எண் வரிசையில், ஒரே கிடங்குக் கணக்கில் வாழ்ந்தது என்று ஊகிக்கலாம். மாறாக, வீடியோவுக்கென்று தனி எழுத்துகளும் தனி எண்களும் கொண்ட வரிசை இருந்தால், அது தனிக் கடையாக நடத்தப்பட்டிருக்கலாம். ஊகம் ஊகம்தான், ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அது காட்டும்.

வடிவமும் சான்றே. 1980களின் பிற்பகுதியில் சி.டி. வீடியோ என்ற பொன்னிறக் குறுந்தட்டு வந்தது. அதில் சுமார் 20 நிமிடம் ஒலியும் 5 நிமிடம் படமும் அடங்கும். அதை முன்னின்று தள்ளியது பிலிப்ஸ். பாலிகிராம் அப்போது பிலிப்ஸின் வீட்டுப் பிள்ளை. யாரும் பெரிதாகக் கேட்காத ஒரு வடிவத்தில் ஒரு பிரிவு விடாமல் வெளியீடுகளைக் கொண்டுவந்தால், அதற்கு மேலே அந்தக் கருவியை விற்கும் முதலாளி ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

பிரிவா, நிறுவனமா

அடுத்த கேள்வி கொஞ்சம் வறண்டது. ஆனால் இதைத் தாண்டிப் போனால் பின்னால் எல்லாம் சரியும். ‘வீடியோ பிரிவு’ என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் தனி நிறுவனமா, அல்லது இசைத்தட்டு நிறுவனத்துக்குள் ஒரு மேசையும் ஒரு பெயர்ப்பலகையும் மட்டுமா? உறையில் ‘இன்னாரின் ஒரு பிரிவு’ என்று இருந்தால் அதற்குப் பதிவெண் கிடையாது, தனிக் கணக்கு கிடையாது, பிறந்த தேதியும் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அதைப் பதிவேட்டில் தேடிக் கிடைக்காமல், ‘ஆவணங்கள் அழிந்துவிட்டன’ என்று எழுதுவது அறியாமை. பெயரின் வாலில் லிமிடெட், இன்கார்ப்பரேட்டட், ஜி.எம்.பி.எச்., பி.வி. என்று ஏதாவது ஒட்டியிருந்தால் மட்டுமே பதிவேட்டைத் திறக்க வேண்டும். அந்த வாலே எந்த நாட்டுப் பதிவேடு என்பதற்கும் துப்புக் கொடுக்கும்.

பிரிட்டனில் பதிவான நிறுவனமாக இருந்தால் வேலை எளிது. கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டின் மின்னணு ஆவணங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே பெயரைவிடப் பதிவெண்தான் முக்கியம். நிறுவனம் எத்தனை முறை பெயர் மாற்றினாலும் எண் மாறாது. இன்று வேறு எதோ பெயரில் உறங்கிக் கிடக்கும் நிறுவனத்தின் பக்கத்தில், ‘முந்தைய பெயர்கள்’ என்ற இடத்தில் நாம் தேடும் வீடியோ பிரிவு நாள்களோடு உட்கார்ந்திருக்கும். ஆண்டுக் கணக்கறிக்கையைத் திறந்தால் எல்லாப் பக்கங்களையும் படிக்க வேண்டியதில்லை. கடைசிக் குறிப்புக்குப் போங்கள். உடனடித் தாய் நிறுவனம் எது, உச்சியில் உள்ள தாய் நிறுவனம் எது என்று இரண்டையும் அங்கே எழுதியிருப்பார்கள். ஆண்டுதோறும் அந்த ஒரு குறிப்பை மட்டும் வரிசையாக எடுத்து எழுதினாலே, கைமாறிய கதையில் பாதி முடிந்துவிடும்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. நிறுவனங்கள் மாநிலங்களில் பதிவாகின்றன, பலவும் டெலவேரில், அங்கே இலவசமாகக் கிடைப்பது பெயர், பதிவான நாள், பதிவு முகவர் என்ற அளவோடு நின்றுவிடும். பங்குச் சந்தையில் இருந்த தாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கைதான் அங்கே துணை. அதன் 21-ம் இணைப்பு துணை நிறுவனங்களின் பட்டியல். 1996-லிருந்து இவை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் மின்னணுத் தொகுப்பில் முழுமையாக இருக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்குப் பெரிய நூலகங்களின் நுண்படச் சுருள்களை நாட வேண்டும்.

தாய் வீட்டின் கதையை எந்த அளவுக்கு எடுப்பது

இங்கே பாலிகிராமைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு வீடியோ பிரிவின் வரலாறு எப்படி இரண்டாகவும் மூன்றாகவும் பிளக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

டச்சு நிறுவனமான பிலிப்ஸும் ஜெர்மானிய நிறுவனமான சீமென்ஸும் தங்கள் இசைத்தட்டுத் தொழில்களை 1962-ல் இணைத்தன. 1972-ல் அந்தக் கூட்டுக்குப் பாலிகிராம் என்ற பெயர் வந்தது. 1980களில் சீமென்ஸ் படிப்படியாக விலகியது. 1987-ல் முழுதும் பிலிப்ஸ் வசமானது. 1989-ல் பங்குகளில் ஒரு பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில் ஐலண்ட், ஏ அண்ட் எம் ஆகிய இசை நிறுவனங்களையும் 1993-ல் மோடவுனையும் பாலிகிராம் வாங்கியது. இவற்றையெல்லாம் எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த நிறுவனங்களின் பாடல் படங்களும் கச்சேரிப் பதிவுகளும் பாலிகிராமின் வீடியோ பட்டியலுக்கு வந்தது வாங்கிய நாளிலேயே அல்ல. பழைய வீடியோ உரிமங்களின் தவணை முடிந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வரமுடியும். பேரேட்டின் இரண்டாம் பத்தியில் 1989 என்று இருந்தாலும், மூன்றாம் பத்தியைத் தலைப்பு தலைப்பாகத்தான் நிரப்ப வேண்டும்.

பிறகு பாலிகிராம் திரைப்படத் தயாரிப்பிலும் பெரிதாக இறங்கியது. அதனால் ஒரே பெயரின் கீழ் கச்சேரி கேசட்டும் திரைப்படக் கேசட்டும் அருகருகே நின்றன. 1998 மே மாதத்தில் கனடாவின் சீகிராம் நிறுவனம் பாலிகிராமை வாங்கப்போவதாக அறிவித்தது; சுமார் 1,040 கோடி டாலருக்கு அந்த ஆண்டு டிசம்பரில் விற்பனை முடிந்தது. சீகிராம் விரும்பியது இசையை. ஏற்கெனவே யுனிவர்சல் ஸ்டுடியோ அதன் கையில் இருந்ததால் இன்னொரு திரைப்பட நிறுவனம் அதற்குச் சுமை. ஆகவே 1996 மார்ச் 31 வரையிலான பாலிகிராம் படங்களின் தொகுப்பு 1999 ஜனவரியில் எம்.ஜி.எம். என்ற திரைப்பட நிறுவனத்துக்குப் போனது. வட அமெரிக்கத் திரைப்பட விநியோகமும் அங்கிருந்த பாலிகிராம் வீடியோவும் பாரி டில்லரின் யு.எஸ்.ஏ. நெட்வொர்க்ஸுக்குப் போயின. இசைப் பதிவுகளும் அவற்றோடு சேர்ந்த இசை வீடியோக்களும் யுனிவர்சல் மியூசிக்கில் தங்கின.

இத்தோடு முடியவில்லை. 2000-ல் சீகிராமின் பொழுதுபோக்குத் தொழில் பிரான்ஸின் விவெண்டியோடு இணைந்தது. 2004-ல் விவெண்டி யுனிவர்சலின் படத் தொழிலை மட்டும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி.யோடு சேர்த்துவிட்டு இசையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து யுனிவர்சல் பிக்சர்ஸும் யுனிவர்சல் மியூசிக்கும் பெயரளவில் மட்டுமே உறவினர்கள். முன்னது இன்று காம்காஸ்டின் சொத்து, பின்னது 2021 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தையில் தனியாகப் பட்டியலிடப்பட்டது. எம்.ஜி.எம்.மோ 2022-ல் அமேசானுக்குப் போனது. இப்போது ஒரு பழைய பாலிகிராம் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது இன்று யாருடையது’ என்று கேட்டால், அது கச்சேரியா திரைப்படமா, திரைப்படம் என்றால் எந்த ஆண்டில் வந்தது, எந்த நாட்டுக் கேசட் என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இதைப் படிப்பவர், தாய் வீட்டின் கதை முழுவதையும் எழுத வேண்டுமா என்று மலைக்கலாம். வேண்டாம். வீடியோ பிரிவின் பெயர், முதலாளி, உரிமை ஆகிய மூன்றில் ஒன்றையாவது அசைத்த நிகழ்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு வரியில் கடந்துவிடலாம்.

வணிக இதழ்களும் வழக்குக் கட்டுகளும்

பதிவேடு இல்லாத பிரிவுகளுக்கு வணிக இதழ்களே பிறப்புச் சான்றிதழ். பில்போர்ட் வார இதழ் 1979-ன் இறுதியில் வீடியோ கேசட் விற்பனை வரிசையை வெளியிடத் தொடங்கியது. பழைய இதழ்கள் பல மின்படிகளாகக் கிடைக்கின்றன. செய்திகளைவிட அந்த வரிசைப் பட்டியல்தான் எனக்குப் பிடித்த சான்று. ஒவ்வொரு தலைப்பின் கீழும் வெளியீட்டு முத்திரை, விநியோகிக்கும் நிறுவனம், பட்டியல் எண் என்று வாராவாரம் அச்சிடுவார்கள். விநியோகிப்பவரின் பெயர் எந்த வாரத்தில் மாறியது என்பதை, அறிவிப்புச் செய்தியின் ஆரவாரம் இல்லாமல், அங்கே கண்ணால் காணலாம். செய்திகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: ‘தொடங்கப்போகிறது’ என்று வந்த செய்திக்குப் பிறகு தொடங்காமலே போன முத்திரைகளும் உண்டு. அறிவிப்பைப் பார்த்தால், முதல் வெளியீட்டையும் பார்த்த பிறகே பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

பிரிட்டிஷ் வெளியீடுகளுக்கு இன்னொரு நல்ல வழி, 1984-ன் வீடியோ பதிவுகள் சட்டத்தால் வந்தது. அதன்படி கேசட்டுகள் தணிக்கை வாரியத்தின் வகைச் சான்று பெற வேண்டியிருந்ததால், எந்த நிறுவனம் எந்த நாளில் எந்தத் தலைப்பைச் சமர்ப்பித்தது என்பது வாரியத்தின் பதிவுகளில் நிற்கிறது. இசை நிகழ்ச்சிகளில் பலவற்றுக்கு விலக்கு இருந்தது; ஆகவே இந்த வழி திரைப்படக் கேசட்டுகளுக்குத்தான் அதிகம் உதவும்.

வழக்குகளை யாரும் தேடுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. நீதிமன்றத் தீர்ப்பின் முற்பகுதியில், வழக்கின் பின்னணியைச் சொல்லும் இடத்தில், எந்தத் துணை நிறுவனம் எந்தப் பொருளை எந்த நாட்டில் விற்றது என்று உறுதிமொழியின் பேரில் சொன்னவை கோவையாக இருக்கும். ‘மூன்று டெனர்கள்’ எனப்பட்ட ஆபெரா பாடகர்களின் கச்சேரிகள் பற்றிய வழக்கைப் பாருங்கள். 1990-ல் ரோமில் நடந்த கச்சேரிப் பதிவு பாலிகிராமிடமும் 1994-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது வார்னரிடமும் இருந்தன; 1998-ல் பாரிஸில் நடந்ததை இருவரும் சேர்ந்து வெளியிட்டபோது, பழைய இரண்டையும் சில வாரங்களுக்கு விலை குறைத்து விற்பதில்லை, விளம்பரப்படுத்துவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2003-ல் அதைச் சட்டவிரோதம் என்றது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த உடன்படிக்கை ஒலிப்பதிவுகளோடு வீடியோக்களையும் உள்ளடக்கியது. போட்டியைத் தடுத்த குற்றத்தைப் பற்றிய கோப்புதான். ஆனால் இரண்டு குழுமங்களின் கிளை அமைப்பை அது போகிற போக்கில் படம் வரைந்து காட்டிவிடுகிறது.

உரிமையின் சங்கிலி

மூன்றாம் பத்தியை நிரப்புவதற்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பட்டியலில் தொடங்குவது நல்லது. 1978 முதலான பதிவுகள் இணையத்தில் உள்ளன. அங்கே பதிவு விண்ணப்பங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ‘பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள்’ என்ற பகுதிக்குள் போக வேண்டும். உரிமை மாற்றப் பத்திரங்களும், வங்கிக்கு ஈடாக வைத்த அடமானப் பத்திரங்களும் அங்கே இருக்கும். ஒரே அடமானப் பத்திரத்தில் நூற்றுக்கணக்கான தலைப்புகள் வரிசையாக வருவதுண்டு. அந்த நாளில் அந்த நிறுவனம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவை எவை என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. முத்திரைச் சின்னத்துக்கு இதேபோல வணிகக் குறி அலுவலகத்தின் உரிமை மாற்றப் பதிவேடு உண்டு. அமெரிக்காவில் 1955 முதலான பதிவுகளைத் தேடலாம்.

சங்கிலி எப்படி அறுந்து பல திசைக்கும் போகும் என்பதற்கு இ.எம்.ஐ.யைப் பார்க்கலாம். 1979-ன் இறுதியில் பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனமான தார்ன் இ.எம்.ஐ.யை வாங்க ஒப்பந்தமாகி தார்ன் இ.எம்.ஐ. உருவானது, வீடியோ பிரிவும் அந்தப் பெயரையே சூடிக்கொண்டது. அமெரிக்காவில் அது கேபிள் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ.வோடு கூட்டுச் சேர்ந்து தார்ன் இ.எம்.ஐ./எச்.பி.ஓ. வீடியோ ஆனது, 1986-ல் எச்.பி.ஓ./கேனன் வீடியோ என்றும், அடுத்த ஆண்டே வெறும் எச்.பி.ஓ. வீடியோ என்றும் மாறியது. அதாவது இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரோடு தொடங்கிய ஒரு நிறுவனம், மூன்றே பெயர் மாற்றங்களில் அந்த இசைத்தட்டு நிறுவனத்தின் சுவடே இல்லாமல் ஆகிவிட்டது. அதே 1986-ல் தார்ன் இ.எம்.ஐ.யின் திரைப்படப் பிரிவை ஆஸ்திரேலியத் தொழிலதிபர் ஆலன் பாண்ட் 12.5 கோடி பவுண்டுக்கு வாங்கி, ஒரு வாரத்துக்குள் கேனன் குழுமத்திடம் 17.5 கோடிக்குக் கைமாற்றினார். படங்களின் தொகுப்பு பல கைகள் கடந்து கடைசியில் பிரான்ஸின் ஸ்டுடியோகனாலிடம் போய்ச் சேர்ந்தது. இசையோ இங்கிலாந்திலேயே இருந்தது. 1996-ல் தார்னும் இ.எம்.ஐ.யும் பிரிந்தன, 2012-ல் இ.எம்.ஐ.யின் இசைப்பதிவுத் தொழிலை யுனிவர்சல் வாங்கியபோது, போட்டி ஆணையத்தின் நிபந்தனையால் இ.எம்.ஐ.யின் பார்லஃபோன் முத்திரைத் தொகுப்பை விற்க நேர்ந்து அது 2013-ல் வார்னருக்குப் போனது. ஆனால் பீட்டில்ஸ் பதிவுகள் மட்டும் யுனிவர்சலிலேயே நின்றுவிட்டன. இ.எம்.ஐ. வெளியிட்ட பழைய இசை வீடியோக்களின் இன்றைய உரிமையாளரைக் கண்டுபிடிக்க, கேசட்டில் உள்ள முத்திரை போதாது. ஒவ்வொரு கலைஞரும் எந்தத் தொகுப்பில் அடங்கினார் என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பெயர்கள் வைக்கும் பொறி

சில பெயர்கள் நம்மை ஏமாற்றுவதற்கென்றே வைத்தவை போல இருக்கும். ஆர்.சி.ஏ./கொலம்பியா பிக்சர்ஸ் ஹோம் வீடியோவை இரண்டு இசைத்தட்டுப் போட்டியாளர்கள் கைகோத்த கதை என்று எழுதியவர்கள் உண்டு. அதில் உள்ள கொலம்பியா திரைப்பட நிறுவனம். கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அன்று சி.பி.எஸ்.ஸின் சொத்து. வேடிக்கை என்னவென்றால், சோனி 1988 ஜனவரியில் சி.பி.எஸ். ரெக்கார்ட்ஸையும் 1989-ல் கொலம்பியா பிக்சர்ஸையும் வாங்கியதால், உறவே இல்லாத இரண்டு கொலம்பியாக்களும் பின்னாளில் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டன. மேற்சொன்ன வீடியோ நிறுவனம் 1991-ல் கொலம்பியா டிரைஸ்டார் ஹோம் வீடியோ ஆனது, அதற்குள் ஆர்.சி.ஏ.யை 1986-ல் ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கி, இசைப் பகுதி ஜெர்மானிய நிறுவனமான பெர்டெல்ஸ்மன்னுக்குப் போயிருந்தது. சோனி வாங்கியது சி.பி.எஸ்.ஸின் இசைத் தொழிலை மட்டுமே என்பதால், சி.பி.எஸ்.ஸும் ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனமும் சேர்ந்து நடத்திய சி.பி.எஸ்./ஃபாக்ஸ் வீடியோ அந்த விற்பனைக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சேனல் 5 வீடியோ விஷயத்தில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். அந்தப் பெயரைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிலையத்தின் கிளை என்று குறித்து வைத்து, அதன்மேல் இரண்டு பக்கம் எழுதியும் முடித்த பிறகுதான், உறையில் இருந்த 1980களின் ஆண்டு கண்ணில் பட்டது. அந்தத் தொலைக்காட்சி 1997 மார்ச்சில்தான் ஒளிபரப்பைத் தொடங்கியது. சேனல் 5 வீடியோ என்பது பாலிகிராமும் ஹெரான் நிறுவனமும் சேர்ந்து நடத்திய கேசட் முத்திரை. தொலைக்காட்சிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வார்னர் என்ற பெயரும் அப்படித்தான். ரைனோவில் 1992-ல் பாதிப் பங்கும் 1998-ல் முழுவதும் டைம் வார்னர் குழுமத்துக்கு வந்தன. 2004-ல் டைம் வார்னர் தன் இசைத் தொழிலை எட்கர் பிரான்ஃப்மன் தலைமையிலான முதலீட்டாளர்களுக்கு விற்றபோது ரைனோ இசையோடு போனது. வார்னர் ஹோம் வீடியோ டைம் வார்னரிலேயே நின்றது. விற்கப்பட்ட வார்னர் இசை நிறுவனமும் வார்னர் ஹோம் வீடியோவும் ஒரே பெயரைச் சுமந்தன, ஆனால் வேறு வேறு முதலாளிகள். வர்ஜினிலும் இதே கதை சற்று முன்பே நடந்தது: வீடியோ நிறுவனமான வர்ஜின் விஷன் 1989-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, இசை நிறுவனம் 1992-ல் தார்ன் இ.எம்.ஐ.யிடம் போனது.

எழுதும்போது

தேதிகளில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒப்பந்தம் அறிவித்த நாள், விற்பனை நிறைவேறிய நாள், புதிய பெயர் உறையில் ஏறிய நாள் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. சோனியும் சி.பி.எஸ்.ஸும் 1987 நவம்பரில் உடன்பட்டன. விற்பனை நிறைவேறியது 1988 ஜனவரியில். சோனி மியூசிக் என்ற பெயர் வந்தது 1991-ல். இதில் எந்த ஆண்டைச் சொல்கிறீர்கள் என்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நாட்டையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒரே முத்திரை ஒரு நாட்டில் ஒருவரிடமும் இன்னொரு நாட்டில் வேறொருவரிடமும் இருப்பது இந்தத் தொழிலில் நூறாண்டுப் பழக்கம். கொலம்பியா என்ற இசை முத்திரையே வட அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் இ.எம்.ஐ.யிடம் இருந்து, 1990-ல்தான் சோனி அதை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

பிரிவு எப்போது முடிந்தது என்பதை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். கடைசி வெளியீடு ஒரு நாள், பெயர் கைவிடப்பட்டது ஒரு நாள், நிறுவனம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது இன்னொரு நாள்; நடுவில் பத்தாண்டுகூட ஓடியிருக்கும். பேரேட்டின் மூன்று பத்திகளுக்கும் தனித்தனி முடிவு நாள் கொடுங்கள். முடிவே இல்லாத பத்தியைத் திறந்தே விடுங்கள். 1999-க்குப் பிறகு உறைகளிலிருந்து மறைந்துபோன பாலிகிராம் என்ற பெயரை, யுனிவர்சல் மியூசிக் 2017-ல் தன் புதிய திரைப்பட, தொலைக்காட்சிப் பிரிவுக்குச் சூட்டியது. பேரேட்டில் அதன் முதல் பத்தியில் 18 ஆண்டு இடைவெளி விட்டு அதே பெயர் மறுபடி வரும். இரண்டாம் பத்தியில் புதியதோர் அமைப்பு வரும். மூன்றாம் பத்தியில் பழைய பாலிகிராம் படங்களுக்கு எதிரே எதுவும் மாறாது, ஏனென்றால் அவை அந்தப் பெயரோடு திரும்பி வரவில்லை.